ஏழாவது யூ மரம்

தைப்பொங்கலன்று மெல்பேர்னில் முப்பத்தொன்பது பாகை வெயில். அன்றைக்குத்தான் நித்தியானந்தன் காடு நட்டார்.

காடு என்றால் போன்சாய்க் காடு. தட்டையான ஒரே சட்டியில் குட்டையாக வளர்க்க, ஊசியிலை கொண்ட ஏழு யூ மரங்கள். மொன்பல்க்கில் இடிக்கவிருந்த ஒரு வீட்டின் பச்சை வேலியிலிருந்து அவற்றைக் கிண்டி எடுத்தவள் அவருடைய மனைவி சிவாஜினி. அவர் அப்போது காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு இருந்தார். மூன்று வருடமாகப் பலகைப் பெட்டிகளில் வைத்து வேர் விட வைத்ததும் அவள்தான். ஒகஸ்ட்டில், குளிர் முடியும்போது, வேரை வெட்டிச் சட்டிக்கு மாற்றவேண்டும். இதை அவரிடம் நான்கு தரம் சொல்லியிருந்தாள்.

அவர் பஞ்சாங்கத்தைக் கேட்டார். நல்ல காரியமெல்லாம் தையில்தான் தொடங்கவேண்டுமாம். பஞ்சாங்கம் கணித்தவருக்கு இங்கே தை நடுக்கோடை என்று தெரிந்திருக்க நியாயமில்லை. பதினெட்டு தையும் இங்கே வேர்த்துக் கொட்டியவருக்குத் தெரிந்திருக்கலாம்.

சிவாஜினி கிளேட்டனில் ஆஸ்பத்திரி லாப் வேலை முடிந்து வந்தபோது பொங்கலுக்கு வந்த சனம் போய்விட்டது. குசினிக் கத்தரிக்கோலால் வெட்டிய வேர்கள் குப்பைத்தொட்டியில் கிடந்தன. சட்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது. அவருடைய போன்சாய் கிளப்பிலிருந்து வந்த சேஷாத்ரி பார்த்துவிட்டுப் பிரமாதம் என்றாராம். சேஷாத்ரி எதைப் பார்த்தாலும் பிரமாதம் என்பவர்.

அவள் சண்டை பிடிக்கவில்லை. சண்டை பிடிப்பதற்கு எதிரில் ஓர் ஆள் வேண்டும்.

யூ மரம் செத்த பிறகும் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும். மார்ச் தொடக்கத்தில் அவள் ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் நகத்தால் சுரண்டினாள். ஆறில் உள்ளே மண்ணிறம். பின்வரிசையில் நின்ற ஆகச் சிறியதில் மட்டும் ஈரப் பச்சை. அதன் வேருக்கு வருவதற்குள் அவருக்குக் களைத்திருக்கவேண்டும். அதை மெல்லக் கிளப்பி, பழைய பெட்டியில் வைத்து, வீட்டுக்குப் பின்னால் நிழலில் கொண்டுபோய் வைத்தாள்.

ஆறு மரம் செத்ததை ஏழு வாரமாகக் கவனிக்காதவர், ஒன்று குறைந்ததை மறுநாளே கவனித்தார்.

"காட்டுக்கு ஒற்றை எண் வேணும். ஆறோட கிளப் ஷோவுக்குக் கொண்டுபோனா என்னைப் பாத்துச் சிரிப்பாங்கள். திருப்பி வையும்."

"மற்ற ஆறும் செத்துப்போச்சு."

"பச்சையாத்தானே நிக்குது? உமக்கு ரத்தம் சோதிக்கத் தெரியும். மரம் தெரியாது."

"ஓம். பச்சைதான்."

அவர் பெட்டியை நோக்கி நடந்தார். அவள் குறுக்கே நின்றாள்.

"இதைத் தொட்டா, மரத்தைக் கிண்டினது ஆரெண்டு கிளப்பில சொல்லுவன்."

கிளப்பில் அவர் சொல்லிவைத்த கதையில் மண்வெட்டி அவர் கையில் இருந்தது. முழங்காலளவு சேறும் இருந்தது. அவர் நின்றார். பிறகு, தனக்கு வேறு வேலை இருப்பதுபோல் உள்ளே போனார்.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டுச் சைப்ரஸ் வேலியில் ஒரு கிளையை ஒடித்தார். சட்டியில் வெறுமையாக இருந்த இடத்தில், பாசிக்குள் குத்தினார். இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சரித்துப் பார்த்தார். காடு பின்சீட்டில், சீட் பெல்ட்டோடு ஷோவுக்குப் போனது.

பின்னேரம் திரும்பி வந்து சொன்னார், சேஷாத்ரி அந்த ஏழாவதைத்தான் ஆகலும் பிரமாதம் என்றாராம். சொல்லும்போது அதைக் கிளை என்று சொல்லவில்லை, மரம் என்றார்.

சிவாஜினி பெட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அது முதலில் தேறட்டும்; இந்த ஒகஸ்ட்டில் அதன் வேரை யாரும் தொடப்போவதில்லை.