கீழ்வீட்டில் கேட்டுவிட்டு

“இப்ப மெஷின் போட்டது எந்த வீடு? கதவைத் திறந்து சொல்லுங்க!”

படிக்கட்டின் அடியில் நின்று ஐந்து மாடிக்கும் கேட்கும்படி கத்தினேன். இந்தப் படிக்கட்டைச் சம்பளத்துக்குத் துடைக்கும் அம்மா அதை மட்டும் கேட்கவே கூடாது என்று சொல்லியிருந்தாள். தண்ணீர் வந்தால் வாரி ஊற்று, துடை, எந்த வீடு என்று கேட்காதே. இந்தக் கட்டடத்தில் யாருமே கேட்பதில்லை. எங்கள் கூடத்துச் சுவரில் இருக்கும் நிர்வாக அலுவலக ஒலிபெருக்கிகூடக் கேட்பதில்லை. எங்கள் ஊர் வோன்ஜுவில் குளிர் மைனஸ் பத்தொன்பது டிகிரிக்கு இறங்கி ஐந்து நாளாகிறது. காலையும் மாலையும் அது கெஞ்சுகிறது: வடிகால் குழாய் உறைந்துவிட்டது, சில வீடுகளில் வாஷிங் மெஷின் ஓடுகிறது, கீழ் வீடுகள் சிரமப்படுகின்றன, தயவுசெய்து ஒத்துழைக்கவும். கீழ் வீடுகளாம். எங்கள் படிக்கட்டுக்குக் கீழ் வீடு ஒன்றுதான். 101. நாங்கள்.

ஐந்து வீட்டு மெஷினும் பின்பக்க வராந்தாவில் ஒரே குழாயில்தான் வடிகின்றன. அது மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் பனி அடைத்துக்கொண்டால் மேலே விடுகிற தண்ணீரெல்லாம் எங்கள் வராந்தாத் துளை வழியாக நுரையோடு பொங்கும். பொங்கியது கொஞ்ச நேரத்தில் தரையில் கண்ணாடியாக உறையும். முந்தாநாள் அதில் வழுக்கித்தான் அம்மாவின் வலது மணிக்கட்டு ஒடிந்தது. இன்று மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு தொங்கவிட்டுக்கொண்டு இடது கையால் வாரிக்கொண்டிருக்கிறாள்.

201-இன் கதவு திறந்தது. பியோ பெரியம்மா. எங்கள் படிக்கட்டுக் குடும்பங்களின் பிரதிநிதி. கூட்டத்துக்குக் கூட்டம் ‘ஒத்துழைப்பு’ என்று பேசுகிறவள்.

“யாருடி அது, வீடு தீப்பிடிச்ச மாதிரி?”

மேலே ஏறிப் போனேன். உள்ளே மெஷின் குலுங்கும் சத்தம்.

“மெஷினை நிறுத்துங்க பெரியம்மா.”

“பேரனுக்கு ராத்திரியிலேருந்து வாந்தி. போர்வை, தலகாணி எல்லாம் நாறுது. அப்படியே வச்சுக்கிட்டு மோந்து பாக்கச் சொல்றியா?”

“பாத்ரூம்ல போட்டுக் கையால துவைங்க. அந்தக் குழாய் உறையலையே.”

“அம்மாடி! சியோல்ல நாலு வருஷம் படிச்சது இதுக்குத்தானா? உங்க வம்சத்துலேயே முதல் டிகிரி, அதுவும் வாஷிங் மெஷின் போலீஸ் டிகிரி!”

“உங்க போர்வைக்காக எங்கம்மா கை ஒடியக் கூடாதுன்னு சொல்றதுக்கு டிகிரி வேணாம் பெரியம்மா.”

அவள் திருப்பித் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. உண்மையாகவே திகைத்துப்போய் என்னைப் பார்த்தாள்.

“உங்கம்மாகிட்ட கேக்காமலா போட்டேன்? எல்லாரும் கேட்டுட்டுத்தானே போடுறோம். எங்களை என்ன மிருகம்னு நெனச்சியா?”

உள்ளே போய் போனை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். இன்று காலை ஒன்பது மணி பன்னிரண்டு நிமிடம். அம்மாவின் பதில்: ‘போடுங்க அக்கா, நான் பாத்துக்கறேன்.’ கூடவே கைதட்டும் பூனைப் படம். மேலே தள்ளிப் பார்த்தேன். போன வாரம், போன குளிர்காலம், அதற்கு முந்தையது. எல்லாவற்றுக்கும் போடுங்க, போடுங்க. கை ஒடிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்த அன்று மாலைகூட.

கீழே வந்தேன். அம்மா ரப்பர் பூட்ஸோடு சின்ன முக்காலியில் உட்கார்ந்து, பழைய கிண்ணத்தால் தண்ணீரை அள்ளி வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வாளியைத் தூக்கிப் போய்க் கழிப்பறையில் கொட்டினேன். திரும்பி வந்தேன், தூக்கினேன், கொட்டினேன். சண்டை போடக்கூடத் தெம்பில்லை. பதினோராவது வாளியில் அம்மாதான் வாயைத் திறந்தாள்.

“மானத்தை வாங்கிட்டியா? இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அந்தப் படியைத் துடைக்கிறது?”

“நீதான் போடச் சொன்னியாமே.”

அம்மா மறுபடி கிண்ணத்தை முக்கினாள். அதற்குள் அவள் போன் அடித்தது. 501. ஈரக் கையைத் தொடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். முதுகு நிமிர்ந்தது, குரல் மாறியது.

“சொல்லுங்க டீச்சர்… ஐயோ, இதுக்கெல்லாம் எதுக்குத் தயங்குறீங்க. ஒரு மணி நேரம் கழிச்சுப் போடுங்க, அதுக்குள்ள இதை வாரிடுவேன்… கையா? அது ஒண்ணுமில்ல, எலும்புதானே, கூடிடும்… ஆமா ஆமா, தாராளமா.”

ஆஸ்பத்திரி வரவேற்பில் உட்கார்ந்திருப்பவள் நேரம் ஒதுக்கிக் கொடுப்பதுபோல் இருந்தது. போனை வைத்தபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம்.

“ஏம்மா இப்படிப் பண்றே?”

“பதினாறு வருஷமா அந்தப் படியைத் துடைக்கிறேன்” என்றாள், தண்ணீரைப் பார்த்தபடியே. “துடைக்கத் துடைக்க ஈரத்துல மிதிச்சுட்டுப் போவாங்க. நகருன்னுகூடச் சொல்ல மாட்டாங்க, நானே நகருவேன். இந்தக் குளிர்ல மட்டும்தான்டி போன் பண்றாங்க. ‘பொராம் அம்மா, போடலாமா’ன்னு. நான் வேணாம்னா போட மாட்டாங்க.”

“அப்ப ஒரே ஒரு தடவை வேணாம்னு சொல்லேன்.”

“சொன்னா அடுத்த தடவை கேப்பாங்களா?”

வெள்ளிக்கிழமை எனக்கு சியோலில் வேலை ஆரம்பம். நான் பஸ் ஏறியதும் இவள் ஒற்றைக் கையால் ஐந்து வீட்டு அழுக்கையும் அள்ளுவாள். அடுத்த தடவை இடுப்பு ஒடியும். அப்போதும் எலும்புதானே என்பாள்.

தையல் டப்பாவிலிருந்து டேப்பை எடுத்து வந்து மண்டியிட்டேன். சோப்பு நுரையை விலக்கித் துளையின் அகலத்தை அளந்தேன். எட்டு சென்டிமீட்டர். விரல்கள் மரத்துவிட்டன.

“என்னடி பண்றே?”

“ஹார்டுவேர் கடையில ரப்பர் அடைப்பு விக்கிறான். திருகுனா இறுகிக்கும். வாங்கிட்டு வந்து மூடப்போறேன்.”

“மூடுனா தண்ணி 201-க்குப் பொங்கும்.”

“பொங்கட்டும். அவங்களுக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு.”

“சின்னக் குழந்தை இருக்கிற வீடுடி.”

“அப்ப அவங்களே மேல் வீட்டுக்காரங்ககிட்ட ஒத்துழைப்பு கேக்கட்டும்.”

அம்மா கிண்ணத்தைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். அது மிதந்தது.

“இனிமே எல்லாரும் பியோ அக்காவைத்தான் கேப்பாங்க” என்றாள், எனக்குச் சொல்வதுபோல் இல்லாமல்.

அவளுக்கு வலித்தது அதுதான். அதை நான் பிடுங்கப்போகிறேன் என்பதும், அதற்குப் பதிலாகக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்பதும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் கடைசி வாளியைக் கொட்டிவிட்டு வந்து கோட்டை மாட்டினேன்.

“பியோ பெரியம்மாவுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிடு. மத்தியானத்துக்கு மேல தண்ணி அங்கதான் வரும்னு. நீ சொல்லலைன்னா நான் சொல்வேன், என் பாஷையில.”

“பொராம், இந்தக் குளிர் மட்டும் போகட்டும்டி. இந்த மாசம் முடிஞ்சா…”

“போன வருஷமும் இதையேதான் சொன்னே.”

பூட்ஸில் காலை நுழைத்தேன். உள்ளே ஈரம். பரவாயில்லை, கடை பக்கம்தான். எட்டு சென்டிமீட்டர், எட்டு சென்டிமீட்டர் என்று சொல்லிக்கொண்டே கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே நடந்தேன்.