அரை ஏக்கர் ஓட்ஸ்

கேரி வந்து அந்தப் பேச்சை எடுத்தபோது எழிலரசி அடுப்பிலிருந்து குக்கரை இறக்கிக்கொண்டிருந்தாள். செப்டம்பர் பாதி கடந்தும் கேட்டி ஊரில் வெயில் குறையவில்லை. கேரி சோபாவின் நுனியில் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு, அவள் கணவர் சேனாபதியின் முகத்தைப் பார்க்காமல் தரைவிரிப்பைப் பார்த்தே பேசினார். நல்ல மனுஷர். பன்னிரண்டு வருடமாக சேனாபதியோடு ஒரே ஆபீஸில் குழாய் டிசைன் பார்ப்பவர். நல்லவர்களுக்குத்தான் இப்படிப்பட்ட பேச்சு பேச வராது.

விஷயம் இதுதான். ஷூலன்பர்க் ஊரைத் தாண்டி இருநூறு ஏக்கர் காட்டை நாலு பேர் சேர்ந்து மான் வேட்டைக்கு லீஸ் எடுத்திருந்தார்கள். ஆளுக்கு அரை ஏக்கர் திறந்த நிலம். அதில் இலையுதிர் காலத்தில் ஓட்ஸும் குளிர்காலப் பட்டாணியும் விதைப்பார்கள். மான் மேய வரும். எதிரே ஒட்டுப்பலகையில் அடித்த ஒரு சின்ன அறைக்குள் மறைந்து உட்கார்ந்து காத்திருப்பார்கள். நவம்பர் முதல் சனிக்கிழமை சீசன் தொடங்குகிறது. சேனாபதியின் அரை ஏக்கரில் மட்டும் இடுப்புயரம் களை நிற்கிறது. இந்த வருடம் அவர் ஓய்வெடுக்கட்டும், என் மருமகன் அந்த இடத்தில் விதைத்து உட்கார்ந்துகொள்ளட்டும், அடுத்த வருடம் திரும்ப அவருக்கே, என்றார் கேரி.

சேனாபதி நிமிர்ந்தார். ஏப்ரலில் ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து வலது கை மடியில் பூனைக்குட்டி மாதிரிச் சுருண்டு கிடந்தது. தானாகச் சொல்ல வாயில் மிஞ்சியிருந்தவை மூன்றே சொற்கள். ‘சரி’, ‘ஆமா’, ‘இல்ல.’ அதுவும் சில நாள் சரி சொல்ல வேண்டிய இடத்தில் இல்ல வந்துவிடும். அன்றைக்கு அப்படி மாறவில்லை. இடது கையால் சோபாவின் கைப்பிடியை ஓங்கித் தட்டினார்.

“இல்ல.”

எழிலரசி, தானே எதிர்பார்க்காதபடி, கரித்துணியைக் கையில் பிடித்தபடி ஆங்கிலத்தில் சொன்னாள். “நாங்களே விதைத்துக்கொள்கிறோம்.”

கேரி அவளைப் பார்த்தார். சேனாபதியும் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் அந்தக் காட்டுப்பக்கம் ஒருநாள்கூட அவள் கால் வைத்ததில்லை.

வைக்காததற்குக் காரணம் உயிர்க்கொலை ஒன்றும் இல்லை. கறிச்சோறு தின்று வளர்ந்தவள்தான். சனிக்கிழமை விடிவதற்கு முன்னால் அவர் காரைக் கிளப்பும் சத்தம்தான் அவளுக்குப் பிடிக்காது. எழிலரசியின் அப்பா பெருந்துறையில் தலைமையாசிரியர். அந்த வீட்டில் எல்லோரும் பேசுவார்கள், ஒருவர் பேச்சின்மீது இன்னொருவர் ஏறிப் பேசுவார்கள். கேட்டியில் அவள் வேலை பார்த்ததும் டேகேரில், குழந்தைகளோடு நாளெல்லாம் பேச்சு. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நடந்தது நடந்த மாதிரியே இருக்காது அவளுக்கு. சேனாபதி “ம்” கொட்டுவார். காட்டில் மறைந்திருக்கும் அறைக்குள் தொண்டையைச் செருமினாலே குற்றம் என்று ஒருமுறை அவர் பெருமையாகச் சொன்னபோது அவளுக்கு மனசுக்குள் என்னவோ சுருக்கென்றது. ஆனால் கேட்கவில்லை. அவள் கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அதுதான்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை ஐ-10 ஃப்ரீவேயில் மேற்கே கிளம்பினார்கள். முந்தின இரவே மகள் வான்மதி டல்லாஸிலிருந்து போன் பண்ணிச் சண்டை போட்டிருந்தாள். “அம்மா, ஆர் யூ சீரியஸ்? ஹி ஹேட் எ ஸ்ட்ரோக். யூ கான்ட் டேக் ஹிம் டு த வுட்ஸ்!”

“வுட்ஸ் எல்லாம் இல்லடி, அரை ஏக்கர். சேர் போட்டு உக்காத்தி வெச்சுட்டு நான் பாத்துக்கறேன்,” என்று இவள் போனை வைத்தாள்.

வழியெல்லாம் பேசிக்கொண்டே ஓட்டினாள். ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அவள் பேச்சு இரண்டு பங்காகியிருந்தது. அவருடைய பங்கையும் சேர்த்து அவளே பேசினாள். “ஏனுங்க, எனக்கொரு சந்தேகம். நம்மூர்ல எது வந்து வெள்ளாமையைத் தின்னாலும் தகரத்தைத் தட்டி ஓட்டுவாங்க. நீங்க என்னடான்னா திங்க வா வான்னு வெதச்சு வெக்கறீங்க. சோறு போட்டுக் கூப்பிட்டுச் சுடறது எந்த ஊரு நியாயமுங்க?” அவர் ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்தார். இடது பாதி மட்டும் சிரித்தது.

கேரி முன்னாலேயே டிராக்டர் ஓட்டி மண்ணைக் கிளறிப் போட்டிருந்தார். சுற்றிலும் ஓக் மரங்கள். நடுவில் அந்தப் பழுப்பு மண், துவைத்து விரித்துப் போட்ட கம்பளி மாதிரி. எழிலரசி மடக்கு நாற்காலியை நிழலில் போட்டு அவரை உட்காரவைத்தாள். விதை போடும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். கைப்பிடியைச் சுற்றினால் அடியிலிருக்கும் தட்டு சுழன்று விதையை இரண்டு பக்கமும் வீசும். நேராக நடக்க வேண்டும், ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். அவள் நடந்தால் சுற்ற மறந்தாள், சுற்றினால் நடக்க மறந்தாள். ஒரு பாத்தியில் விதை குவிந்தது, அடுத்ததில் ஒன்றும் விழவில்லை. சேனாபதி இடது கையைத் தூக்கி இப்படி, அப்படி என்று காட்டினார். அவள் எதிர்த்திசையில் போனாள். நெருப்பெறும்புப் புற்றில் கால் வைத்து, செருப்பை உதறிவிட்டு, அரைக் காட்டுக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். அவர் நாற்காலியே ஆடும்படி சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு அப்படி அவர் சிரித்து அவள் பார்க்கவில்லை.

மத்தியானம் விதைத்து முடித்து, விதையை மண்ணால் மூட ஒரு கட்டையைக் கயிறு கட்டி இழுத்துவிட்டு, அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். காற்று ஓக் இலைகளைப் புரட்டியது. வேறு சத்தமே இல்லை. அந்த அமைதி எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பன்னிரண்டு வருடம் அவர் தேடி வந்தது இதைத்தான் என்று தோன்றியதும், நாக்கு அடங்காமல் கேட்டேவிட்டாள்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. என் பேச்சுத் தாங்காமத்தான் சனிக்கெழமையானா இங்க ஓடியாந்தீங்களா?”

சேனாபதி அவளைப் பார்த்தார். உதடு அசைந்தது. அவர் தேடிக்கொண்டிருந்தது வேறு என்னவோ நீளமான வாக்கியமாக இருக்கலாம். கிடைத்தது ஒன்றுதான்.

“ஆமா.”

அது இடம் மாறி வந்த ஆமா இல்லை. கண்ணைப் பார்த்தே சொன்னார்.

எழிலரசி எழுந்து சேலையில் ஒட்டியிருந்த முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். நாற்காலியை மடக்கினாள். அவரைக் கைத்தாங்கலாகக் காருக்குக் கூட்டிப்போனாள். எழுபத்தைந்து மைல் தூரமும் அவள் வாய் திறக்கவில்லை.

கோபம் என்று சொல்ல முடியாது. மருந்து நேரத்துக்குக் கொடுத்தாள், முதுகு தேய்த்துக் குளிப்பாட்டினாள், இட்லியைப் பிட்டுச் சட்னியில் தோய்த்து வைத்தாள். பேச்சுதான் வரவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் தொண்டை வரைக்கும் வந்து, ‘நான் அவசியமா?’ என்று ஒருமுறை கேட்டுக்கொண்டு திரும்பிப்போனது. டேகேரில் ஒரு குழந்தை மூக்குக்குள் பட்டாணியைப் போட்டுக்கொண்டதைச் சொல்ல ஆசையாக இருந்தது. சொல்லவில்லை. சேனாபதி அவள் பின்னாலேயே கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தார். அவள் சமையலறையிலிருந்து வரும்போதெல்லாம் முகத்தைத் தூக்குவார், பிறகு இறக்கிக்கொள்வார்.

அந்தப் புதன்கிழமை மழை பெய்தது. அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது ஓட்ஸ் முளைத்திருந்தது. கற்றுக்குட்டி நாவிதரிடம் தலையைக் கொடுத்த மாதிரி ஒரு இடத்தில் அடர்த்தி, ஒரு இடத்தில் மொட்டை. இருவரும் வேலியோரம் நின்று அதைப் பார்த்தார்கள். சேனாபதி அவள் ஏதாவது சொல்வாளா என்று பார்த்தார். அவள் மொட்டையாக இருந்த இடங்களில் கைப்பிடி கைப்பிடியாக விதையைத் தூவிவிட்டு வந்து கார்க்கதவைத் திறந்தாள்.

மாதக் கடைசியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் எழிலரசியைத் தனியாகக் கூப்பிட்டாள். நன்றாக முன்னேறிக்கொண்டிருந்தவர் மூன்று வாரமாகப் பின்னுக்குப் போகிறார், வீட்டில் ஏதாவது மாற்றமா என்று கேட்டாள். இல்லை என்றாள் எழிலரசி. பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து சாவியைப் போட்ட பிறகுதான் நினைவு வந்தது. தயிர் தீர்ந்துபோச்சு என்று அவள் சொன்னால் அவர் “போச்சு” என்பார். நாளைக்கு லீவு என்றால் “லீவு.” அவள் பேச்சின் வாலைப் பிடித்துத்தான் அவர் ஒவ்வொரு சொல்லாக ஏறி வந்துகொண்டிருந்தார். அப்படியும், பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. பேச வேண்டும் என்று நினைத்துப் பேசியே பழக்கமில்லாதவள் அவள்.

சீசனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை கேரி மறுபடி வந்தார். ஓட்ஸ் நன்றாக வந்திருக்கிறது, ஈர மண்ணில் ஏகப்பட்ட குளம்புத் தடம் என்று அவளைப் பாராட்டினார். பிறகு தயங்கினார். சேனாபதி ஒரு வருடத்துக்குத் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், சேனாபதியின் துப்பாக்கியும் தன் வீட்டுப் பெட்டகத்தில்தான் பத்திரமாக இருக்கிறது என்றார். இவ்வளவு கஷ்டப்பட்டு விதைத்தது வீணாகாமல், நாளைக்கு அங்கே மருமகன் உட்காரட்டுமா?

சேனாபதி போன் பக்கத்தில் இருந்த தாளையும் பென்சிலையும் கையால் காட்டி வாங்கினார். இடது கையால், நாக்கைக் கடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் எழுதினார். முதலில் ‘நோ.’ பிறகு ‘வொய்ஃப்.’ கேரி அதை வாங்கிச் சேர்த்து வாசித்தார். “நோ வொய்ஃப்?” சங்கடமாகச் சிரித்தார்.

எழிலரசிக்குக் காது சூடாயிற்று. ஒரு மூன்றாம் மனுஷர் முன்னாலும் இதைச் சொல்ல வேண்டுமா? உள்ளே போகத் திரும்பினாள்.

“இல்ல. இல்ல. இல்ல.” சேனாபதி பென்சிலால் மேஜையைத் தட்டினார். தாளைப் பிடுங்கி இரண்டு சொற்களுக்கும் நடுவில், தாளே கிழிகிற மாதிரி, ஒரு கோடு போட்டார். ‘நோ’ என்பதைத் தொட்டுக் கேரியைக் காட்டினார். ‘வொய்ஃப்’ என்பதைத் தொட்டு அவளைக் காட்டினார். அப்படியும் யாருக்கும் புரிந்ததாகத் தெரியாததால் கீழே கோணலாக ஒரு பெட்டி வரைந்தார். பெட்டிக்குள் ஒரு குச்சி மனிதன். பக்கத்தில் இன்னொன்று, அதற்குக் கொண்டை.

கேரி எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு, அவர் தோளில் ஒருமுறை தட்டிவிட்டுப் போனார். எழிலரசி அந்தத் தாளை மடித்து உப்பு டப்பாவுக்கு அடியில் வைத்தாள். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் பலகை அறைக்குள் போய் உட்கார்ந்தார்கள். இரண்டு பழைய ஆபீஸ் நாற்காலிகள். எதிரே ஒரு முழ உயரத்துக்கு நீளமான திறப்பு. அவர் இடது கை விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். அவள் தலையாட்டினாள். இப்போது அவளுக்கு அது சிரமமில்லை.

முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. ஓட்ஸின் மேல் வெயில் சாய்ந்து, மொட்டையும் அடர்த்தியுமாக அவள் விதைத்த லட்சணம் அப்பட்டமாகத் தெரிந்தது. தூரத்தில், கேரியின் பக்கத்திலோ அதற்கும் அப்பாலோ, துப்பாக்கி ஒருமுறை வெடித்தது. அவள் உடம்பு தூக்கிப்போட்டது. அவர் தன் நல்ல கையை அவள் கைமேல் வைத்தார், எடுக்கவில்லை.

பிறகு அவை வந்தன. எப்போது வந்தன என்று சொல்ல முடியாது. மரங்களுக்கு அடியில் இருந்த பழுப்பில் ஒரு துண்டு நகர்ந்தது, கால் முளைத்தது, மானாயிற்று. அதன் பின்னால் இரண்டு. அப்புறம் மூன்று. பெட்டைகளும் இந்த வருடத்துக் குட்டிகளும். தலையைத் தாழ்த்தி, அவள் குவித்துப் போட்ட அடர்த்தியான பாத்திகளைத் தேடித் தேடி மேய்ந்தன. ஓட்ஸை அவை கடித்து இழுக்கும் சத்தம்கூடக் கேட்டது. பாருங்க, அந்தக் குட்டிக்குப் பட்டாணிக்கொடி பல்லில மாட்டிக்கிச்சு, மூக்கை எப்படிச் சுளிக்குது பாருங்க, எங்க டேகேர் கைரா மாதிரியே, என்று எழிலரசிக்குள் ஒரு மாதத்துப் பேச்சு முட்டி மோதியது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கட்டியது.

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. சேனாபதி மானைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடை ஒரு பக்கமாக இழுத்தது. நெற்றி நரம்பு புடைத்தது. பாரமான எதையோ கிணற்றிலிருந்து இழுக்கிற மாதிரி அவர் உடம்பே முன்னால் சாய்ந்தது.

“பே...”

வெளியே ஆறு தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன. அவள் பதறி அவர் வாயைப் பொத்தப் போனாள். அவர் அந்தக் கையைப் பிடித்து இறக்கினார்.

“பேசு,” என்றார். சத்தமாகவே வந்தது. “பேசு எழிலு.”

ஒரு வால் வெள்ளையாகத் தூக்கிக்கொண்டது. குட்டிகள் இரண்டு துள்ளி மரத்தடி வரைக்கும் ஓடித் திரும்பிப் பார்த்தன. எழிலரசி முகத்தைத் துடைத்தாள். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் டேகேரிலிருந்து தொடங்கினாள். “அந்தக் கைரா இருக்கா பாருங்க, மூக்குக்குள்ள பட்டாணியப் போட்டுக்கிட்டா...” குரல் முதலில் கரகரத்தது, பிறகு சரியானது. அவர் பின்னால் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஓட்ஸின் நடுவே பெரிய பெட்டை மான் மட்டும் நகராமல் நின்றது. வாயில் பாதி கடித்த தண்டு, முன்னங்கால் ஒன்று மடங்கி அந்தரத்தில். இரண்டு காதையும் பலகை அறையின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, ஓடுவதா மேய்வதா என்று தீர்மானிக்காமல், தூக்கிய காலை இன்னும் கீழே வைக்காமல், அது கேட்டுக்கொண்டிருந்தது.