நீல வாளி

கிணற்றடியிலிருந்து எழும்பிய புகை மூக்கை அறுத்த பிறகுதான் றிம்சானுக்குத் தான் செய்தது விளங்கியது. இறந்துபோன மாமாவின் மையித்தைக் குளிப்பாட்டும் இடம் பளிச்சென்று இருக்கட்டும் என்று, குளோரின் கரைத்திருந்த சிவப்பு வாளிக்குள் கக்கூஸ் கழுவும் அசிட்டையும் ஊற்றியிருந்தான். ஒன்று கிருமியைக் கொல்லுமென்றால், இரண்டும் சேர்ந்தால் அதன் குடும்பத்தையே கொல்லும் என்பது அவனுடைய விஞ்ஞானம். இருமிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினான். கண்ணீர் வழிந்தது.

வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு சுபைறா, "மாமனாருக்கு இப்பிடி அழுற மருமகன நான் காணல்ல" என்றாள். அவன் மறுக்கவில்லை.

மனைவி றுஸ்னா வந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டையும் கலந்த நீங்களா?"

"சுத்தம் கூடட்டுமெண்டு..."

"ஆரும் கிட்டப் போகாதீங்க, புகை அடங்கட்டும். நீங்க கண்ணக் கழுவுங்க."

பதினாறு நாளாக அவளிடமிருந்து கிடைத்ததெல்லாம் இந்த வகைப் பதில்தான். கல்முனையில் ஆட்டோ ஓட்டி, கொரோனாவை வீட்டுக்கு ஏற்றி வந்தவன் அவன். காசு வாங்காமல் ஏற்றிய ஒரே பயணி. வீடு அவளுடைய சீதன வீடு. முன்னறையில் நெஞ்சு நோயோடு கிடந்தவர் அவளுடைய வாப்பா அபுல் ஹஸன். றுஸ்னா புருஷனைப் பின்னறையில் போட்டுப் பூட்டாத குறை. சிவப்பு வாளியில் அன்றன்று கரைத்த குளோரின், நீல வாளியில் நல்ல தண்ணீர். கதவுப் பிடி, சுவிட்ச், பைப் எல்லாம் முதலில் சவர்க்காரத்தால் கழுவி, பிறகு குளோரின் பூசி, பத்து நிமிடம் விட்டுத் துடைப்பாள். யன்னல்கள் திறந்தே கிடந்தன. டிப்போவில் முப்பது வருடம் பஸ் கழுவிய மாமா கட்டிலில் கிடந்தபடியே, "என்ட புள்ள கழுவின வீட்டுல ஈயும் வழுக்கித்தான் விழும்" என்பார்.

"மாமாவுக்கு என்னால ஏதும் வந்திருமா?" என்று பின்னறையிலிருந்து தினமும் கேட்பான்.

"கையக் கழுவுங்க."

முந்தாநாள்தான் அவனுக்குச் சுகமென்று வெளியே விட்டாள். இன்று விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மாமா போய்விட்டார். சுகாதாரப் பரிசோதகர், பீ.எச்.ஐ. சுதன் வந்து கொரோனா பார்க்க மாதிரி எடுத்தார். தொற்று இருந்தால் வீட்டில் குளிப்பாட்ட முடியாது. பெட்டியில் மூடி, தூரத்து மையவாடிக்குக் கொண்டுபோய் அடக்குவார்கள். முடிவு தெரியக் கால் மணி நேரம். அதைச் சும்மா இருந்து கழிக்க முடியாமல்தான் அவன் கிணற்றடிக்குப் போனான்.

சுதன் முன்கதவைத் திறந்து வெளியே வந்தார். "நெகட்டிவ், தங்கச்சி. நீங்களே குளிப்பாட்டி அடக்கலாம்." பிறகு கதவுப் பிடியை ஒருமுறை பார்த்தார். "நோயாளி இருந்த வீடு இப்பிடி இருந்து நான் காணல்ல."

"என்ட மனிசி," என்றான் றிம்சான், யாரும் கேட்காமலே.

புகை அடங்கியதும் றுஸ்னா கையுறை போட்டு, கிணற்றடித் தரையில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். நீல வாளியை மூன்று தரம் அலசி, முகர்ந்து பார்த்து, நிரப்பினாள்.

"றுஸ்னா, மாமாவுக்கு என்னால..."

"இல்ல," என்றாள். வாளியை அவன் கையில் கொடுத்தாள். "வாப்பாட நெஞ்சுதான். நீங்க கொண்டுவந்தது முன்னறைக்குப் போகல்ல. நான் விடல்ல."