இறங்காத ஹெலிகாப்டர்

வள்ளூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் கொதிகலன் குழாய் வெடித்து, யேசுதாஸ் என்ற வெல்டர் உடல் முழுக்க வெந்து கிடந்தான். அவனை ஏற்றி வர ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் போனது. ஓட்டியவர் தாமஸ். கூடவே டாக்டர் முபாஷிரும் நர்ஸ் நவ்ரீனும்.

நவ்ரீன் ராயபுரத்துப் பெண். மஸ்கட்டில் சில வருஷம் இதே வேலை பார்த்தவள். அங்கே ஹெலிகாப்டர் இறங்குமுன் தீயணைப்புக்காரர்கள் மணல் பறக்காமலிருக்கத் தண்ணீர் அடித்து வைத்திருப்பார்கள். இங்கேயும் கேட்டிருந்தாள். "தண்ணி லாரி வந்துகினே கீது மேடம்" என்றார்கள் தொழிற்சாலையில். வரவில்லை.

தாழ இறங்கியதும், தொழிற்சாலைப் பக்கத்து மைதானத்தில் படிந்திருந்த அனல்மின் நிலையச் சாம்பல் மொத்தமும் எழும்பி ஜன்னலை மூடியது. நவ்ரீன் உட்கார்ந்திருந்த பக்கம் மின்கம்பிகள் போயின. அவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவள் பொறுப்பு. ஒரு கணம் தெரிந்தன, அப்புறம் தெரியவில்லை.

"கம்பி தெரியல. வேணாம், மேல போங்க!"

மூவரில் ஒருவர் வேண்டாமென்றால் இறங்கக்கூடாது. மஸ்கட்டிலும் அதுதான் விதி, இங்கேயும் அதுதான். தாமஸ் ஏன் என்று கேட்காமல் மேலே தூக்கினார். வேறு இடம் தேடினார்கள். ஒரு பக்கம் கன்டெய்னர் அடுக்குகள், ஒரு பக்கம் கழிமுகம், மீதியெல்லாம் கம்பி. அவனை ஏற்றாமலே திரும்பினார்கள்.

யேசுதாஸை ஏற்றிய வேன் எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை.

"நீ சொன்னது சரிதாம்மா" என்றார் தாமஸ். முபாஷிரும் அதையே சொன்னார். அவளுக்கும் அது தெரியும். தெரிந்தும் சவக்கிடங்குப் பக்கம் போனாள்.

சவக்கிடங்கு வாசலில் யேசுதாஸின் மனைவி அனிஷா தரையில் உட்கார்ந்திருந்தாள். வெடித்த சத்தம் கேட்டு வீட்டிலிருந்து ஓடிப்போய், கடைசிவரை அவன் கூடவே இருந்தவள். நவ்ரீனின் சீருடையைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"நீ அந்த எலிகாப்டர்ல இருந்தியா? தலைக்கு மேலயே வந்து நின்னுச்சே. 'தோ வந்துட்டாங்க'ன்னு அவராண்ட சொன்னேன். கண்ணத் தொறந்து பாத்தாரு. ஏன் எறங்கல?"

"ஒயரு இருந்துச்சுக்கா. சாம்பல்ல ஒண்ணும் தெரியல. மாட்டியிருந்தா கீழ இருந்தவங்க மேலயும் விழுந்திருக்கும்."

"ஒயரு என்னிக்கும்தான் கீது. சாம்பலும் கீது. அதுக்குக் கீழதான நாங்க கீறோம்."



உள்ளேயிருந்து ஒருவர் வந்து, அடையாளம் காட்ட ஆள் வேண்டும் என்றார். அனிஷா எழப் பார்த்தாள். நவ்ரீன் கை நீட்டினாள். அனிஷா அதைப் பிடிக்காமல், சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள்.