ஓரகத்தியும் பன்னிரண்டு காலங்களும்

நானும் என் ஓரகத்தியும் பேசிக்கொள்ளாமல் இருந்த நாட்களில்தான் எங்கள் வீட்டில் பேச்சு அதிகம். ஒரே சமையலறையில் இரண்டு பேர் நிற்கிறோம். முகம் பார்த்துப் பேசக் கூடாது, சொல்ல வேண்டியதோ மலையாகக் கிடக்கிறது. அதனால் அவள் குழாயிடம் பேசுவாள், நான் அடுப்பிடம் பேசுவேன். "சில பேருக்குப் பாத்திரம் தேய்ச்சா கை தேஞ்சிடும் போல" என்று அவள் குழாயிடம் முறையிட்டால், "சில பேர் தேய்க்கிற சத்தத்துக்கு ஊரே எந்திரிச்சுக்கும்" என்று நான் அடுப்பிடம் சொல்லிவைப்பேன். ஜாடைப் பேச்சில் எங்கள் இருவரையும் அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்களைக் கட்டிக்கொண்ட அண்ணனும் தம்பியும் அந்த நேரம் பார்த்து வாசலில் போய்ச் செருப்பைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள்.

சண்டை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வார்டுகளிலிருந்து அழுக்குத் துணி மூட்டை மூட்டையாக வரும். பிரித்து, துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து அனுப்ப வேண்டும். எந்தத் துணியை எந்தச் சூட்டில் போடுவது என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எங்கள் சூப்பர்வைசர் ஓய்வு பெறப்போகிறார் என்றதும், அந்த நாற்காலி எனக்குத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். மேனேஜர் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். சூப்பர்வைசர் என்றால் வார்டு சிஸ்டர்களோடு போனில் பேச வேண்டும். அவர்கள் பல ஊர்க்காரர்கள், பொதுப் பாஷை இங்கிலீஷ்தான். பேச்சு இங்கிலீஷில் ஒரு சான்றிதழ் கொண்டுவந்தால் வேலை எனக்கு, இல்லையென்றால் வெளியாள் வருவார்.

என் இங்கிலீஷ் அப்போது ஒரே ஒரு சொல்லில் நின்றுகொண்டிருந்தது. "கம்மிங்." துணி போய்ச் சேர்ந்துவிட்டது என்றாலும் கம்மிங், இயந்திரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது என்றாலும் கம்மிங், நாளைதான் வரும் என்றாலும் கம்மிங். வார்டு பக்கம் எனக்கு 'கம்மிங் மேடம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். கேட்டால் சிரிப்பேன், உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வரும்.

இந்த நேரத்தில்தான் ஒரு நாள் எங்கள் சின்ன மாமியார் வந்தார். போகிற போக்கில் என் காதைக் கடித்தார். "உன் ஓரகத்தி என்ன சொன்னா தெரியுமா? அக்காவுக்கு இங்கிலீஷ் வராதாம், அவங்க எங்க சூப்பர்வைசர் ஆகப்போறாங்கன்னு கேட்டா." அவ்வளவுதான். அன்றைக்கு அடைத்த வாய். அவளாகப் பேச வந்த இரண்டொரு தரமும் நான் பாத்திரத்தை உருட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அவளுக்கும் ரோஷம் உண்டல்லவா, குழாயைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் துடைக்கிற வேலையில் இருந்தாள். ஒரு நாள் காலையில் குழாயிடம் உரக்கச் சொன்னாள். "நான் சாயங்கால இங்கிலீஷ் கிளாஸ்ல சேரப்போறேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிர்ல, மாடியில. திங்கக்கிழமை ஆரம்பம். இன்னும் ரெண்டு இடம்தான் இருக்காம்." குழாய்க்கு எதற்கு இத்தனை விவரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அவள் இங்கிலீஷ் கற்றுக்கொண்டு வந்து என் முன்னால் பீற்றிக்கொள்வதா? அன்று மாலையே அந்த மாடிப்படியில் ஏறிப் பெயர் கொடுத்துவிட்டேன்.

வாத்தியார் நல்ல மனிதர், ஆனால் கொஞ்சம் அப்பாவி. பெயர்ப் பட்டியலில் ஒரே விலாசத்தைப் பார்த்ததும் மகிழ்ந்துபோய், "ஒரே வீடா, நல்லதாப் போச்சு, வீட்லயும் பழகிக்கலாம்" என்று எங்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துவிட்டார். வகுப்புக்குள் இங்கிலீஷ் மட்டும்தான் என்பது அவர் சட்டம். தினமும் முதல் வேலையாக, நேற்று என்ன செய்தாய், இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறாய், நாளை என்ன செய்வாய் என்று எதிரில் இருப்பவரைக் கேட்க வேண்டும். அங்கே குழாயும் இல்லை, அடுப்பும் இல்லை. அவள் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

பிறகு வந்தன பன்னிரண்டு காலங்கள். மூன்றே காலத்தை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் நன்றாகத்தான் குடித்தனம் நடத்தினோம், இவர்களுக்கு எதற்குப் பன்னிரண்டு என்று எனக்கு ஆத்திரம். முடிந்தது என்று ஒன்று, முடிந்து இன்னும் ஈரம் காயாதது என்று ஒன்று, முடிந்ததற்கும் முன்னாலேயே முடிந்தது என்று ஒன்று. ஒரு நாள் இயந்திரத்தின் முன்னால் நின்றபோதுதான் சட்டென்று பிடிபட்டது. துவைத்தாகிவிட்டது, ஆனால் துணி இன்னும் கையில் சூடாக இருக்கிறது: அதுதான் 'ஹேவ்' போட வேண்டிய இடம். போன வாரம் துவைத்தது அலமாரியில் கிடக்கிறது: அதற்கு 'ஹேவ்' வேண்டாம். அன்றிலிருந்து மூட்டை மூட்டையாகக் காலங்களைப் பிரித்துப் போட்டேன். ஆனால் புரிவது வேறு, வாய் திறப்பது வேறு. நாலு பேர் பார்த்தால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

என்னைப் போன்றவர்கள் வகுப்பில் நிறையப் பேர் என்பதால் வாத்தியார் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். பன்னிரண்டு காலமும் வருகிற மாதிரி தானே ஒரு கதை எழுதி ஆளுக்கொரு நகல் கொடுத்தார். 'போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது' என்று ஆரம்பிக்கும். மழை பெய்துகொண்டிருந்தது, மாப்பிள்ளை வருவதற்கு முன்பே விருந்தாளிகள் வந்திருந்தார்கள், அடுத்த வருஷம் இந்நேரம் அவர்கள் வெளிநாட்டில் வசித்துக்கொண்டிருப்பார்கள். தேர்வில் எதைக் கேட்டாலும் எப்படியாவது இந்தக் கல்யாணத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றார். எனக்கு அண்ணனே கிடையாது. அதனால் என்ன, மனப்பாடம் செய்தேன். இஸ்திரி போடும்போதெல்லாம் அந்த இல்லாத அண்ணனுக்குக் கல்யாணம் கட்டிவைத்தேன்.

தேர்வு நாள் வந்தது. இருவர் இருவராக உள்ளே போய், வெளியிலிருந்து வந்த ஒரு அம்மாள் முன்னால் உட்கார்ந்து பேச வேண்டும். வகுப்பில் யார் எதிரில் உட்கார்ந்தோமோ அவர்கள்தான் ஜோடி. நாங்கள் கடைசி. முதல் ஜோடியில் போன தையல்காரர் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். அடுத்த ஜோடியில் வந்த டிரைவருக்கு முகம் சுண்டியிருந்தது. அதற்குப் பிறகு வந்தவர் எங்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "எல்லாருக்கும் ஒரே ஞாயித்துக்கிழமை கல்யாணமான்னு அந்தம்மா கேட்டுட்டாங்க" என்றார். பொண்ணு பேர் என்ன என்றும் கேட்டார்களாம். இவர் தன் பெயரையே சொல்லிவிட்டாராம்.

 உள்ளே போய் உட்கார்ந்தோம். அந்த அம்மாள் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார். "நோ வெட்டிங், ப்ளீஸ்" என்றார். வீட்டைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசுங்கள் என்று கைகாட்டினார்.

என் தலைக்குள் இருந்த அண்ணன், விருந்தாளிகள், மழை எல்லாம் ஒரே நொடியில் துடைத்துவிட்டது போலப் போய்விட்டன.  நாற்காலி என் கையை விட்டுப் போகிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது.

அப்போது என் ஓரகத்தி நாற்காலியை என் பக்கம் நன்றாகத் திருப்பிப் போட்டாள். என் கண்ணைப் பார்த்தாள்.

"அட் ஹோம், யூ டோன்ட் டாக் டு மீ. ஒய்?"

எனக்குச் சுரீரென்றது. யார் முன்னால் என்ன பேச்சு இது? தேர்வு, அந்த அம்மாள், பேனா எல்லாம் மறந்துபோனது. "யூ டோல்ட் எவ்ரிபடி ஐ காண்ட் பி சூப்பர்வைசர்" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். அது கடந்தகாலம் என்று எனக்கு அப்போது தெரியாது, கோபம் என்றுதான் தெரியும்.

இதற்கு மேல் நடந்த சண்டை முழுக்க இங்கிலீஷில். உங்கள் வசதிக்காகத் தமிழில் சொல்கிறேன். யார் சொன்னது என்று அவள் கேட்டாள். சின்ன மாமியார் என்றேன். அவர் வருவதற்கு முன்னாலிருந்தே நீ என்னைப் பற்றி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாய், இப்போதும் நினைக்கிறாய், நாளைக்கும் நினைப்பாய் என்று மூன்று காலத்தையும் அவள்மேல் தூக்கிப் போட்டேன். அவள் அசரவில்லை. அக்காவுக்கு இங்கிலீஷ் வராது என்று நான் சொன்னது நிஜம்தான், அதற்கடுத்து நான் சொன்னதைச் சின்ன மாமியார் சொன்னாரா என்று கேட்டாள். என்ன சொன்னாய் என்றேன். அது மட்டும் வந்துவிட்டால் அவர்களை யாராலும் பிடிக்க முடியாது என்று சொன்னேன், அந்தப் பாதியை அவர் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்றாள்.

நான் விடவில்லை. அதை அன்றைக்கே என்னிடம் சொல்வதற்கென்ன என்றேன். நீங்கள் நிற்கவே இல்லையே என்றாள். அதனால்தான் குழாயிடம் சொன்னேன் என்றாள். கிளாஸ் எங்கே, என்றைக்கு, எத்தனை இடம் பாக்கி, எல்லாம். வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் வந்திருக்க மாட்டீர்கள், நான் போகிறேன் என்றால் பொறுக்க முடியாமல் ஓடி வருவீர்கள் என்று எனக்குத் தெரியும் என்றாள். கடைசியாக, குரல் கொஞ்சம் இறங்கி, எனக்கும் தனியாகப் போகப் பயமாக இருந்தது என்றாள்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. என்னை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாளே என்று வெட்கம் ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். அந்த அம்மாள் இப்போது மேசைமேல் முழங்கையை ஊன்றி, கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இனி அந்த மாமியாரை என்ன செய்யப்போகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். பார்க்க வேண்டுமே நான் பேசியதை. வரச்சொல்வேன், உட்காரவைப்பேன், முறுக்கு கொடுப்பேன், அவர் மென்றுகொண்டிருக்கும்போதே கேட்பேன், அவர் எழுந்து போவதற்குள் மிச்சப் பாதியைக் கக்க வைத்திருப்பேன் என்று நிறுத்தாமல் அடுக்கினேன். என் ஓரகத்தி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். நேரம் முடிந்ததற்கான மணி அடித்தும் அந்த அம்மாள் எங்களை எழச் சொல்லவில்லை.

முடிவு வந்தபோது இருவரும் தேறியிருந்தோம். உச்சரிப்பில் அவள் ஒரு படி மேலே, சரளத்தில் நான் ஒரு படி மேலே. சண்டைக்காரிக்குச் சரளம் வராமல் வேறு யாருக்கு வரும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அன்றைக்கு அதைக்கூடப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். அவளைக் கடையின் முன்பக்கம், கவுண்டருக்கு மாற்றினார்கள். எனக்கு நாற்காலி வந்தது.

முதல் நாள் காலையிலேயே போன் அடித்தது. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு சிஸ்டர், குரலில் அனல். பச்சைத் துணி எங்கே என்று கேட்டார். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். முதல் துணிக்கட்டை அனுப்பிவிட்டோம், இரண்டாவது காய்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் அரை மணியில் உங்கள் கதவுக்கு வந்திருக்கும் என்று சொன்னேன். எதிர்முனையில் அனல் அடங்கியது. யார் பேசுகிறீர்கள் என்று கேட்டார்.

"சூப்பர்வைசர்" என்றேன். அரை மணிக்குள் துணி போய்ச் சேர்ந்தது.

 யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்தது. கண்ணாடிக் கடை எண்ணை அழுத்தினேன். அவள்தான் எடுத்தாள். யாரென்று தெரியாமல், புதிதாகப் பழகிய கவுண்டர் குரலில், "குட் மார்னிங், ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?" என்றாள்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொள்ளும் வழக்கம் இல்லை. தமிழில் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

"யூ ஹேவ் ஆல்ரெடி ஹெல்ப்டு மீ" என்றேன்.

 அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஓசை கேட்டது. "வேலை நேரத்துல என்ன பேச்சு? வீட்டுக்கு வாங்கக்கா, பேசிக்கலாம்" என்றாள்.