புரட்டிப் பார்க்காத பூ

உலர்ந்த செடிகளை அட்டையில் தைத்து அலமாரியில் அடுக்கும் அந்த அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. எந்தப் பூவையும் ஒரே பார்வையில் இன்னதென்று சொல்லிவிடுவார். அந்த மிதப்பும் அவருக்குக் கொஞ்சம் உண்டு.

மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய அக்கா, மலை மேலிருந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஒரு மஞ்சள் பூச்செடியைப் பேப்பருக்குள் அழுத்தி அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு கடிதம். "தம்பி, இது எங்க சரிவுல மட்டும்தான் பூக்குது. அங்க ரோடு போடப் போறாங்களாம், எங்க ஆளுங்க மறிச்சு உக்காந்திருக்காங்க. அபூர்வப் பூன்னா ரோட்டை நிறுத்திடலாம். நீ பாத்துச் சொல்லு."

சாப்பாட்டு நேரத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மேலாகப் பார்த்தார். மலையெங்கும் கொட்டிக் கிடக்கும் காட்டுச் சாமந்தி என்று சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுச் செடியின் அட்டையில் ஒட்டினார், அக்காவுக்கும் அதையே எழுதிப் போட்டார். சாமந்தி இனத்தில் முகத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, புரட்டி, இதழ்களுக்குக் கீழே பூவைத் தாங்கும் அடிச்செதிலைப் பார்க்க வேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் வாய் ஓயாமல் சொல்கிறவரும் இவரேதான்.

இன்று பழுத்துப்போன அட்டையை மாற்றும்போது பூ ஒன்று நூலிலிருந்து கழன்று மேசையில் கவிழ்ந்தது. காட்டுச் சாமந்தியின் அடிச்செதில் வழவழவென்று இருக்கும். இதிலோ பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை முடி. அலமாரி அலமாரியாகத் தேடினார். இதற்கு ஜோடி ஒன்றுகூட இல்லை.

அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, அந்த மஞ்சப் பூவை நான் தப்பா சொல்லிட்டேன். அது வேற பூ. இதுவரைக்கும் யாருமே பாக்காதது."



"சரிவே இப்ப இல்லடா. ரோடுதான் இருக்கு."

"உங்க ஆளுங்க மறிச்சு உக்காந்திருந்தாங்களே? ஏன் எந்திரிச்சாங்க?"

"நான்தான் எழுப்பி வீட்டுக்கு அனுப்பினேன். என் தம்பி பாத்துட்டான், அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை, போனையும் வைக்கவில்லை. அவர்தான் வைத்தார்.

அந்த அலுவலகத்தில் பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. தவறென்றால் பக்கத்தில் புதிதாக ஒன்று ஒட்ட வேண்டும். இரண்டும் காலத்துக்கும் இருக்கும். அவர் புதுச் சீட்டை எடுத்தார். பெயர்: தெரியவில்லை. இப்போது வளரும் இடம்: இல்லை. கையெழுத்து மட்டும் பழைய சீட்டில் இருந்த அதே கையெழுத்து.