கண்ணீர் வடித்த கடவுள்

வெண்பனி முடி சூடித் தென்திசை முழுதும் நெடுமதில்போல் நிற்கும் மலைத்தொடரின் அடியில், உருகிய பனி புதுவெள்ளமாய்த் திரண்டு பால்நிறத்தோடு பொங்கிச் சூ ஆற்றின் இருகரையையும் அறைந்து செல்ல, இலை காணுமுன்னே மலர் கண்ட வாதுமைத் தோப்புகள் விடியற்கால முகில்கள் மண்ணில் இறங்கி இளைப்பாறுவனபோல் கரையெங்கும் சிவந்து நிற்க, முந்தைய நாள் மழையில் நனைந்த புல்வெளியினின்று குதிரைகளின் மூச்சும் ஈரமண்ணின் மணமும் ஒன்றாய்க் கலந்தெழும் இளவேனில் முற்பகலில், நல்லறிவுடையீர், எங்கள் ஊர்த் திருக்கோவிலில் மணிக்கு மாற்றாக மரப்பலகை தட்டும் ஒலி எழுந்தது. இறந்து புதைக்கப்பட்ட இலாசரை ஆண்டவர் கல்லறையினின்று அழைத்தெழுப்பிய நிகழ்ச்சியை ஓதிக் கேட்கும் திருநாள் அது. ஆண்டுதோறும் அந்நாளில் புத்தாடை சரசரக்கச் சிரித்துப் பேசி வரும் எம் மக்கள், அவ்வாண்டு மட்டும் தீர்ப்புக் கேட்கச் செல்வார்போல் தலை கவிழ்ந்து வந்தனர்.

அதன் காரணத்தைக் கூறுவேன். எம் நாட்டை ஆண்ட கானின் படைத்தலைவனான தோக்தாய், மாரிக்காலம் தொடங்கித் தன் குதிரைப்படையோடு எங்கள் ஊர்ப்புறத்தே தங்கியிருந்தான். நீலவானையன்றி வேறொன்றையும் வணங்காதவன். சொன்ன சொல்லினின்று பிறழாதவன். தன் குதிரைகளைப் பெற்ற மக்களினும் பெரிதாய்ப் போற்றுபவன். அவன் கூடாரத்து விருந்தொன்றில், புளித்த குதிரைப்பாற் கிண்ணம் கைமாறிக்கொண்டிருந்தபொழுது, எங்கள் ஊர்த் தலைவனாகிய எல்பூகாவை நோக்கி அவன் கண்சிமிட்டினான்.

“ஏம்ப்பா எல்பூகா, உங்க சாமி செத்துப்போன கூட்டாளிக்காக நின்னு அழுதாராமே? என் சமையக்காரன் சொன்னான். பக்கத்துல யாராச்சும் வெங்காயம் உரிச்சாங்களோ?”

கூடாரம் குலுங்கச் சிரித்தது. எல்பூகாவின் முகம் காய்ச்சிய இரும்புபோல் சிவந்தது.

“எவன் சொன்னான்? எங்க மறையில அப்படி ஒரு வரியே கிடையாது ஐயா. வானத்தையும் பூமியையும் ஆளுறவரு, அழுவாரா?”

“அப்படியா! வர்ற திருநாளுக்கு நானே வந்து கேக்கறேன். அந்த வரி இருந்துச்சுன்னு வையி, உங்க கோவில் என் குதிரைங்களுக்கு லாயம். மழையில நனையுதுங்க, பாவம்.”

நாணத்தில் பிறந்த பொய் அச்சத்தில் வளர்ந்தது. எல்பூகா மறுநாளே திருப்பணியாளர் ஏசிமூத்தை நாடி, “அந்த ஒரு வரிய மட்டும் தாண்டிடுங்க சாமி, ஊரே பிழைச்சுக்கும்” என்று இரந்தான். ஏசிமூத் நல்லவர், ஆயினும் காற்றசையக் கதவடைக்கும் நெஞ்சினர். முன்னோர் மண் சுமந்து எழுப்பிய கோவிலுக்கு ஈடாக ஒரு வரியை ஆண்டவர் பொறுத்துக்கொள்வார் எனத் தமக்குத்தாமே ஆறுதல் கூறித் தலையசைத்தார்.

எல்பூகாவின் தங்கை தாரிம் என்பவள், கணவனைக் கானின் போர்க்களத்தில் இழந்து அண்ணன் இல்லத்தில் வாழ்ந்திருந்தாள். அவள் ஒரே மகள் மெங்லி, பனி இறுகிய காலத்தில் தொண்டை வீங்கி மூச்சடைத்து மாண்டாள். அடக்கத்துக்குத் தோக்தாயும் வந்திருந்தமையின், “தலைவன் வீட்டுப் பொம்பளை ஊர் பார்க்க அழக்கூடாது, வாயை மூடு” என்று எல்பூகா அவள் கையை இறுகப் பற்றினான். அவளும் வாய் மூடினாள். அன்று தொண்டைக்குள் உறைந்த அழுகைக்கு இவ்வுலகில் ஒரே ஓர் இடமே இருந்தது: சற்றுப்பொழுதில் தாமே எழுப்பப்போவதை அறிந்திருந்தும், நண்பனின் கல்லறைமுன் நின்று ஆண்டவர் அழுதார் என்னும் அவ்வரி. அதனையும் பறிக்கின்றனர் என்று ஆற்றங்கரைப் பெண்கள் முணுமுணுக்கக் கேட்டவள், ஈரக் குடத்தோடு அண்ணன் முன் வந்து நின்றாள்.

“அண்ணே, அந்த வரிய விடச் சொன்னியாமே?”

“ஒரு வரிதானே தாரிம். கூப்பிட்டாரு, செத்தவன் எழுந்து வந்தான். அது இருக்கே, போதாதா?”

“எனக்குப் போதாது.”

“உன் ஒருத்திக்காகக் கோவிலைக் குதிரைக்குக் குடுக்கச் சொல்றியா?”

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு அகன்றாள்.

திருநாள் வந்தது. பீடத்தின் அருகே விரித்த கம்பளத்தில் தோக்தாய் அமர்ந்தான். வாயிலில் அவன் வீரர் நின்றனர். மறைமொழியாகிய சுரியானியில் ஓதியபின் எங்கள் மொழியில் எடுத்துரைத்தல் வழக்கமாதலின், ஏசிமூத் நடுங்கும் குரலில் உரைத்து வந்தார்: இலாசரின் உடன்பிறந்தாள் ஆண்டவரின் அடிபணிந்து புலம்பியதும், அவர் உள்ளம் குமுறியதும், அவனை எங்கே வைத்தீர்கள் என்று வினவியதும், வந்து பாரும் என்று அவர்கள் சொன்னதும். அங்கே நின்ற குரல், ஓடையைத் தாண்டும் குதிரைபோல் துள்ளிக் கல்லைப் புரட்டும் இடத்தில் போய் இறங்கியது.

“சாமி, ஒரு வரி விட்டுட்டீங்க.”

பெண்கள் பகுதியிலிருந்து எழுந்து நின்றவள் தாரிம்.

“உட்காருடி!” என்று எல்பூகா சீறினான்.

“உட்கார மாட்டேன். அவர் அழுதாரு. அது அங்கே எழுதியிருக்கு. வாசிக்கச் சொல்லு.”

தோக்தாய் மெல்லச் சிரித்தான். எழுந்து சென்று, தன் இடைக்கத்தியை உருவித் திறந்த ஏட்டின்மேல் வைத்தான்.

“நான் கெட்டவன் இல்லை. சாமி, அந்த எழுத்தைச் சுரண்டிடு. சுரண்டிட்டா இல்லைன்னு ஆயிடும். எல்பூகா சொன்னதும் பொய்யில்லைன்னு ஆயிடும். கோவில் உங்களுக்கே.” பின் தாரிமைப் பார்த்தான். “ஏம்மா, அழறவன் மனுஷன். செத்தவனை எழுப்பறவன் கடவுள். ரெண்டுல உங்க ஆளு எது? ஒண்ணைச் சொல்லு.”

“ரெண்டும் ஒருத்தர்தான் ஐயா.”

“அது எப்படி?”

“எப்படின்னு எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனா அந்தக் கல்லறை வாசல்ல நின்னது ரெண்டு பேர் இல்லை. கண்ணு ஈரம் காயறதுக்குள்ள கூப்பிட்டாரு. அந்த அழுகையை நீங்க சுரண்டிட்டா, கடைசி நாள்ல என் பொண்ணைக் கூப்பிடறது யாருன்னு அவளுக்குத் தெரியாது. யாரோ அன்னியன் கூப்பிடறான்னு எழுந்திரிக்க மாட்டா.”

அப்பொழுது ஏசிமூத் செய்ததை அவரிடம் எவரும் எதிர்பார்த்திலர். கத்தியை விரல்நுனியால் ஏட்டினின்று ஒதுக்கி, நடுக்கம் தீராத குரலிலேயே பேசினார்.

“படகுல அசந்து தூங்கினாரு, எழுந்து காத்தை அதட்டினாரு. பசிச்சு அத்திப்பழம் தேடினாரு. அஞ்சு ரொட்டியில ஒரு கூட்டத்துக்கே பசியாத்தினாரு. எதைச் சுரண்டறது ஐயா? சுரண்ட ஆரம்பிச்சா ஏடு பூரா ஓட்டைதான். என்னால ஆகாது.”

“அப்போ சொன்னவனே சுரண்டட்டும்” என்று தோக்தாய் கத்தியை எல்பூகாவின் கையில் திணித்தான்.

எல்பூகா ஏட்டின் முன் சென்றான். இருசொல்லே ஆன அவ்வரியை, முதன்முதல் எழுத்தறிபவன்போல் விரல் வைத்து அவன் படித்தான். பின் திரும்பி, கத்தியின் பிடியை உடையவன்பால் நீட்டினான்.

“நான் சொன்னது பொய். எங்க ஆண்டவர் அழுதாரு. என் மருமகள் செத்தப்போ நான்தான் அழலை. இவளையும் அழ விடலை.” அவன் குரல் உடைந்தது, ஆயினும் தலை தாழவில்லை. “குதிரையைக் கட்டிக்குங்க. அந்த வரி இருக்கும்.”

தோக்தாய் நகைக்கவும் இல்லை, சினக்கவும் இல்லை. தலைமையின் அடையாளமான வெள்ளிக் கச்சையை எல்பூகாவின் இடையினின்று அவிழ்த்துக்கொண்டு, “கொண்டாங்கடா குதிரைங்களை” என்றான். நாங்கள் ஏட்டையும் சிலுவையையும் மார்போடு அணைத்து வெளியேற, ஈரப் பிடரி சிலிர்த்த குதிரைகள் எங்களை உரசிக்கொண்டு உட்புகுந்தன. அக்கோவில் பின்னொருநாளும் எமக்குத் திரும்பவில்லை.

உயிர்ப்புத் திருநாளில் நாங்கள் இடுகாட்டில் கூடினோம். மழை தூறிற்று, மதில்மேல் ஏறி நின்ற வீரர்கள் கண்ணைக் கசக்கிப் பொய்யழுகை அழுது எள்ளினர். அவர்கள் கேட்கவென்றே, ஏசிமூத் இலாசரின் பகுதியை மீண்டும் எடுத்து ஓதினார். அவ்வரி வந்ததும் அவர் வாய் திறக்குமுன், மெங்லியின் கல்லருகே நின்ற தாரிம் உரக்கச் சொன்னாள், அவள் அண்ணன் சொன்னான், பின் ஊர் முழுதும், போர்க்களத்தில் குலப்பெயர் கூவும் மறவர்போல், ஒரே குரலாய் முழங்கிற்று: “அவர் அழுதார்!” மதில்மேல் நின்றோரின் சிரிப்பு அவ்வொலியில் அமிழ்ந்தது.

கூரையும் கச்சையும் இழந்தோம், நல்லறிவுடையீர். இழந்ததை இழந்தோமென்றே சொல்வோம். ஆயினும் எம் துயரை அறியாத ஒரு கடவுளை எமக்குத் தந்து, எம்முடன் அழுதவரை எம்மிடமிருந்து வாங்கிக்கொள்ள எந்தக் கானாலும் இயலவில்லை. அன்று தாரிம் மழையில் முழந்தாளிட்டு, யார் பார்த்தாலும் பார்க்கட்டுமென்று, தன் மகளுக்காக வாய்விட்டு அழுதாள்.